இடம் வலம் மாறித் தெரியும் சூரியப் புள்ளிகள்

தொலைநோக்கியில் பார்க்கும் சூரியப் புள்ளிகள் இணையப் படத்துக்கு இடவலம் மாறித் தெரிகின்றனவே, கருவியில் பழுதா என்று கேட்டீர்கள். உங்கள் தொலைநோக்கியில் பழுதில்லை. எஸ்டிஓ (சூரியனைப் படமெடுக்கும் நாசா விண்கலம்) படத்தில் வலப்பக்கம் உள்ள கரும்புள்ளிக் கூட்டம் உங்களுக்கு இடப்பக்கம் தெரிவதற்கு, கண்வில்லைக்கு (கண் வைத்துப் பார்க்கும் வில்லை) முன்னால் உள்ள 90 பாகை கண்ணாடியே பெரும்பாலும் காரணம். அது பிம்பத்தை இடவலமாகத் திருப்பிவிடும்.

சோதிக்க, சூரியனைப் பின்தொடரும் மோட்டாரை நிறுத்துங்கள். சூரியன் நகரும்போது எந்த விளிம்பு முதலில் பார்வையிலிருந்து வெளியேறுகிறதோ அது மேற்கு. எஸ்டிஓ படத்தில் மேற்கு வலப்பக்கம், வடக்கு மேலே. அதற்கேற்பப் படத்தைத் திருப்பி ஒப்பிடுங்கள்.

அப்படியும் கோணலாக இருந்தால் நேரத்தைப் பாருங்கள். சென்னையில் காலையில் சூரியன் ஏறக்குறைய செங்குத்தாக ஏறுவதால் மேற்கு விளிம்புதான் மேலே இருக்கும்! நண்பகலில் பார்ப்பது எளிது என்பார்கள். ஆனால் மே, ஜூன், ஜூலையில் அப்போது சூரியன் உச்சிக்கு வடக்கே போய்விடும், குழப்பம் கூடும்.

இதெல்லாம் சரிசெய்தாலும் 26 பாகை வரை சாய்வு மிஞ்சலாம். சூரியனின் அச்சு வானத்து வடக்கோடு ஒத்துப்போவதில்லை. ஏப்ரல், அக்டோபர் தொடக்கத்தில் இது உச்சம். அன்றைய படத்தையே எடுங்கள், சூரியன் சுழல்வதால் புள்ளிகள் நாளுக்குச் சுமார் 13 பாகை நகர்ந்துவிடும்.

சூரிய ஒளி வடிகட்டி தொலைநோக்கிக் குழாயின் முன்வாயில்தானே இருக்கிறது? கண்வில்லையில் திருகும் வகை என்றால் உடனே நிறுத்துங்கள், அது வெப்பத்தில் விரிசல் விடும்.