கான்ஃபிடென்ட்டா, கான்ஃபிடென்ஸா?

பாலக்கோட்டிலிருந்து, டிப்ளமோ முடித்த தம்பி ஒருவர் கேட்கிறார்: "ஓசூரில் இன்டர்வியூவில் 'ஐ ஆம் வெரி கான்ஃபிடென்ஸ்' என்றேன், சிரித்துவிட்டார்கள். எது பெயர்ச்சொல் (நவுன்), எது பெயரடை (அட்ஜெக்டிவ்) என்று எப்படிப் பிரிப்பது? பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு சென்டரில் 1000 சொல் மனப்பாடம் செய்ய வைக்கிறார்களாம். சேரலாமா?"

சேர வேண்டாம். மனப்பாடம் செய்தால் சொல் தெரியும், அதை எங்கே வைப்பது என்று தெரியாது. நீங்கள் சறுக்கியதே அங்கேதான்.

'ஐ ஆம்' என்று தொடங்கினால் பெயரடை: கான்ஃபிடென்ட். 'ஐ ஹேவ்' என்றால் பெயர்ச்சொல்: கான்ஃபிடென்ஸ். பேஷன்ட், பேஷன்ஸும் அப்படியே. இந்த ஜோடிகளில் 'ட்' என முடிவது பெயரடை, 'ஸ்' என முடிவது பெயர். 'ஐ ஆம் எ டிப்ளமோ ஹோல்டர்' என்பதில் பெயர் வருகிறதே என்றால், நடுவில் 'எ' இருக்கிறது பாருங்கள். இன்டர்வியூவுக்கு இது போதும்.

ஒரே ஒரு இடம் குழப்பும். அதுவும் ஃபேக்டரிக்குள் தினமும் காதில் விழுவது: சேஃப்டி ஷூ. சேஃப்டி பெயர்ச்சொல் ஆயிற்றே, ஷூவுக்கு முன்னால் 'சேஃப்' அல்லவா வரவேண்டும் என்று தோன்றும். 'சேஃப் ஷூ' என்றால் ஆபத்தில்லாத ஷூ. காலைக் காக்கிற ஷூ சேஃப்டி ஷூதான். எதற்கானது, எதில் செய்தது என்று சொல்ல ஆங்கிலத்தில் பெயருக்கு முன்னால் பெயரையே வைப்பார்கள். குவாலிட்டி இன்ஸ்பெக்டர் அப்படி வந்ததுதான். முன்னால் நிற்கும் அந்தப் பெயர் பொதுவாகப் பன்மை ஏற்காது. கிருஷ்ணகிரியில் எத்தனை டன் பழம் அரைத்தாலும் மேங்கோ பல்ப்தான், மேங்கோஸ் பல்ப் இல்லை. உங்கள் படிப்பும் 'த்ரீ இயர் டிப்ளமோ'. இயர்ஸ் என்று எழுதிவிடாதீர்கள்.

பன்னிரண்டு வருஷம் இங்கிலீஷ் நடத்துகிறோம். பெயர்ச்சொல், பெயரடை என்று கட்டம் போட்டு நிரப்பச் சொல்லி மார்க் போடுகிறோம். பிள்ளையை வாய் திறந்து ஒரு வாக்கியம் பேச வைப்பதில்லை. அதே கட்டத்தை ஜெராக்ஸ் எடுத்துத்தான் சென்டர்காரர் விற்கிறார். ஃபீஸ் கட்டினால் வேலையும் வாங்கித் தருகிறோம் என்றால் உடனே எழுந்து வந்துவிடுங்கள்.

அப்புறம், பிரவுசிங் சென்டரில் யாரோ ஒருவருடைய பழைய ரெஸ்யூமில் பெயரை மட்டும் மாற்றித் தருவார்கள். அதில் 'ஐ ஆம் ஹார்ட் வொர்க்' என்று இருந்தால் 'ஹார்ட்வொர்க்கிங்' என்று மாற்றச் சொல்லுங்கள். அப்பா பெயர் உங்கள் அப்பாவுடையதுதானா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.