தண்ணீரும் கேமராவும் ஒரே முதுகில்

கேள்வி: மலைப்பாதைகளில் மவுண்டன் பைக் ஓட்டுகிறேன். இனி மிர்ரர்லெஸ் கேமராவையும் இரண்டு லென்ஸையும் கூடவே கொண்டுபோக ஆசை. குழாய் வழியே உறிஞ்சிக் குடிக்கும் தண்ணீர்ப் பை வைக்கிற முதுகுப்பையாக வேண்டும். கேமரா பை வாங்குவதா, சைக்கிள்காரர்கள் போடும் ஹைட்ரேஷன் பேக் வாங்குவதா? எத்தனை லிட்டர் அளவு சரி? தண்ணீர் கசிந்து கேமரா வீணாகிவிடுமோ என்ற பயமும் இருக்கிறது.

பதில்: சைக்கிள் ஓட்டுபவர்களுக்காகச் செய்த பையையே வாங்குங்கள். கேமரா வைக்க, உள்ளே செருகும் மெத்தைப் பெட்டி தனியாகக் கிடைக்கிறது, அது போதும்.

கேமரா பைகள் பெரும்பாலும் நடந்து போகிறவரை நினைத்துத் தைத்தவை. விறைப்பாகவும் உயரமாகவும் இருக்கும். நடக்கும்போது அது ஒரு குறையாகத் தெரியாது. ஆனால் செங்குத்தான இறக்கத்தில் உடம்பைப் பின்னால் தள்ளி, பாதையைப் பார்க்கத் தலையை நிமிர்த்துவீர்கள் இல்லையா, அப்போது பையின் மேல்விளிம்பு ஹெல்மெட்டின் பின்பக்கம் இடித்துத் தலையைக் கீழே அழுத்தும், பார்க்க வேண்டிய தூரத்தைப் பார்க்க முடியாது. இது அசௌகரியம் மட்டுமல்ல, ஆபத்து. அதனால் பை வாங்கப் போகும்போது ஹெல்மெட்டையும் எடுத்துக்கொண்டு போங்கள். பைக்குள் கொஞ்சம் எடை வைத்து மாட்டி, ஹேண்டில்பாரைப் பிடிப்பது போலக் குனிந்து, தலையை நிமிர்த்திப் பாருங்கள். அப்படியே இரண்டு குதி குதியுங்கள். பை முதுகோடு ஒட்டியே வர வேண்டும். இடுப்பு எலும்பின் மேல் உட்காரும் அகலமான இடுப்புப் பட்டையும், மேலே கீழே நகர்த்தக்கூடிய நெஞ்சுப் பட்டையும் இல்லாத பையை யோசிக்காமல் ஒதுக்கிவிடலாம்.

முதுகுப்பையின் கொள்ளளவு 14 முதல் 18 லிட்டர் போதும். பெரிய பை இருந்தால் நிரப்பத் தோன்றும், அதுதான் சிக்கல். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. 2 லிட்டர் தண்ணீர், ஒரு லென்ஸோடு கேமரா ஏறக்குறைய 1 கிலோ, அப்புறம் பம்ப், டியூப், கருவிகள், மழைச்சட்டை, பையின் சொந்த எடை என்று சேர்த்தால் 5 கிலோ சர்வசாதாரணமாக வந்துவிடும். இதற்கு மேல் இரண்டாவது லென்ஸ் வேண்டாம் என்றே சொல்வேன். புழுதி பறக்கும் பாதையில் லென்ஸ் மாற்றினால் தூசி நேராக, படத்தைப் பதிவுசெய்யும் சென்சாரில் போய் உட்காரும். ஒரே ஒரு ஜூம் லென்ஸை மாட்டிக்கொண்டு கிளம்புங்கள். சைக்கிள் சட்டத்தில் பாட்டில் மாட்ட இடமிருந்தால் ஒரு லிட்டரை அங்கே மாற்றிவிடுங்கள், முதுகுக்குப் பெரிய விடுதலை.

கசிவு பற்றிய உங்கள் பயம் நியாயமானது. ஆனால் தண்ணீர்ப் பை நடுவில் கிழிவது அபூர்வம். வழக்கமாகக் கசிவது மூன்று இடங்களில்: சரியாகத் திருகாத மூடி, குழாய் பையோடு சேரும் இணைப்பு, அப்புறம் வாயில் வைத்து உறிஞ்சும் முனை. மூன்றாவதைப் பலரும் கவனிப்பதே இல்லை. படம் எடுக்கப் பையைக் கழற்றிப் பாறை மேல் சாய்த்து வைப்போம், உறிஞ்சு முனை பட்டைக்கு அடியில் நசுங்கிக் கிடக்கும், நாம் படம் எடுத்து முடிப்பதற்குள் பாதித் தண்ணீர் சொட்டியிருக்கும், பையின் அடிப்பக்கம் ஊறிப்போயிருக்கும். முனைக்குப் பக்கத்தில் அடைப்புத் திருகு உள்ள குழாயாகப் பார்த்து வாங்குங்கள், இறங்கியதும் அதை மூடுவதைப் பழக்கமாக்குங்கள். புதிய தண்ணீர்ப் பையை நிரப்பி, செய்தித்தாளில் சுற்றி, மேலே கனமாக எதையாவது வைத்து ஒரு இரவு விட்டுவிடுங்கள். எங்கே கசிகிறது என்று காகிதத்தின் ஈரமே காட்டிக்கொடுக்கும்.

தண்ணீர்ப் பைக்கு முதுகை ஒட்டித் தனி அறை இருக்க வேண்டும், கேமரா அதற்கு வெளிப்புறம், அடியில் இருக்க வேண்டும். ஆனால் நடுவில் இருக்கும் துணித் தடுப்பு தண்ணீரை நிறுத்தும் என்று நம்பாதீர்கள். பெரும்பாலான பைகளில் அது வெறும் துணிதான். மேலும், குளிர்ந்த தண்ணீர் ஊற்றினால் கசிவே இல்லாமல்கூடத் தண்ணீர்ப் பையின் வெளிப்பக்கம் வியர்க்கும். அதனால் மெத்தைப் பெட்டியை, வாயைச் சுருட்டி மூடும் நீர்புகாப் பைக்குள் போட்டு வையுங்கள். மழைக்கும் அதுவே காவல்.

இந்த அடுக்கில் இன்னொரு நன்மையும் உண்டு. மல்லாக்க விழுந்தால் லென்ஸுக்கும் முதுகெலும்புக்கும் நடுவில் தண்ணீர்ப் பை இருக்கும். அதற்காக அதைப் பாதுகாப்புக் கவசமாக எண்ண வேண்டாம். கரடுமுரடான இறக்கங்களில் ஓட்டுகிறவர் என்றால் முதுகுக் கவசம் உள்ளேயே வைத்துத் தைத்த பைகள் கிடைக்கின்றன, அவற்றில் ஈஎன் 1621-2 என்ற ஐரோப்பியத் தரக்குறி இருக்கிறதா என்று பாருங்கள். சின்ன டிரைபாடு, பம்ப் மாதிரி நீளமான கடினப் பொருள்களை முதுகெலும்பின் நேர்கோட்டில் வைக்கவே கூடாது. பக்கவாட்டில் கட்டுங்கள்.

கேமரா பைதான் வேண்டும் என்று மனம் கேட்டால், லோவெப்ரோ என்ற கேமரா பை நிறுவனத்தின் ஃபோட்டோ ஸ்போர்ட் வரிசையைப் பாருங்கள். தண்ணீர்ப் பைக்குத் தனி இடமும், கேமராவைப் பக்கவாட்டு ஜிப் வழியே எடுக்கும் வசதியும் அதில் உண்டு. ஒரு தோள்பட்டையை மட்டும் கழற்றிப் பையை முன்னால் சுழற்றி எடுத்துவிடலாம். கழற்றாத தோளின் பக்கமாகக் குழாயைக் கொண்டுவாருங்கள், இல்லாவிட்டால் ஒவ்வொரு தடவையும் சிக்கும். கேமரா எவ்வளவு சீக்கிரம் கைக்கு வருகிறதோ அந்த அளவுக்குத்தான் படமும் எடுப்பீர்கள். மூன்று ஜிப், இரண்டு கொக்கி என்றால் நல்ல வெளிச்சத்தைப் பார்த்தும் நிற்காமல் ஓட்டிக்கொண்டே போய்விடுவோம்.

கேள்வி: முதுகில் சுமப்பதற்குப் பதில் கேமராவை ஹேண்டில்பார் பையில் வைத்தால் என்ன?

பதில்: தார்ச்சாலையில் சரி, கற்கள் நிறைந்த பாதையில் வேண்டாம். முன்சக்கரம் வாங்கும் ஒவ்வொரு இடியும் நேராக அங்கேதான் வரும். முதுகில் இருந்தால் உங்கள் கையும் காலும் முழங்கால் மடிப்பும் பாதி அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும். ஆட்டத்தைச் சமன்செய்யும் நுண்ணிய பாகங்கள் உள்ள லென்ஸுகளுக்குத் தொடர் அதிர்வு ஆகாது. மோட்டார் சைக்கிள் ஹேண்டில்பாரில் ஐபோனை மாட்டினால் கேமரா பாதிக்கப்படலாம் என்று ஆப்பிள் நிறுவனமே 2021ல் எச்சரித்தது.

கேள்வி: தண்ணீர்ப் பையில் ஒரு வாடை வருகிறது. சைக்கிள் ஓட்டும்போது தண்ணீர் குலுங்கும் சத்தமும் எரிச்சலாக இருக்கிறது.

பதில்: சத்தத்துக்குக் காரணம் உள்ளே இருக்கும் காற்று. நிரப்பி மூடிய பிறகு பையைத் தலைகீழாகப் பிடித்து, குழாய் வழியே காற்றை உறிஞ்சி எடுத்துவிடுங்கள், குலுங்காது. வாடைக்கு சமையல் சோடா கலந்த வெந்நீரை ஊற்றி, குழாயிலும் நிரம்பும்படி விட்டு, அரை மணி கழித்து நன்றாக அலசுங்கள். குழாயையும் முனையையும் கழற்றித் தனித்தனியாக உலர்த்துங்கள், பையின் வாயை அகலமாகத் திறந்து தொங்கவிடுங்கள். இனிப்பு கலந்த பானங்களை அதில் ஊற்ற வேண்டாம், பூஞ்சை சீக்கிரம் பிடிக்கும். அவற்றைச் சட்டத்தில் மாட்டும் பாட்டிலில் வைத்துக்கொள்ளுங்கள், கழுவவும் எளிது, கேமரா பக்கத்தில் சர்க்கரைத் தண்ணீரும் இருக்காது.