40 கேபிக்குள்ள ஒரு முழு கேமா?

கேள்வி: பழைய கேம் ஆடலாம்னு எமுலேட்டர் (பழைய கேம் மெஷின் மாதிரியே வேலை செய்ற சாஃப்ட்வேர்) போட்டேன். ஆனா சூப்பர் மாரியோ பிரதர்ஸ் ரோம் ஃபைல் வெறும் 40 கேபிதான் காட்டுது, போன்ல எடுக்கிற ஒரு போட்டோவே அதவிட பல மடங்கு பெருசு. ஃபைல் பாதிதான் இருக்கா?

பதில்: முழுசாத்தான் இருக்கு, பயப்படாதீங்க. 1985ல வந்த அந்த கேமோட கார்ட்ரிட்ஜுக்குள்ள (மெஷின்ல சொருகுற டப்பா) 32 கேபிக்கு ப்ரோகிராம், 8 கேபிக்கு படம், அவ்ளோதான். சிப்புல இருந்தத அப்படியே காப்பி எடுத்து ஒரே ஃபைலா ஒட்டுனதுதான் ரோம். முன்னாடி ஒரு 16 பைட் கூடுதலா இருக்கும், அது கார்ட்ரிட்ஜுல இருந்தது கிடையாது, உள்ள எந்த மாதிரி சர்க்யூட் இருந்துச்சுன்னு எமுலேட்டருக்கு சொல்ல பிற்பாடு சேர்த்தது. அது தப்பா இருந்தா மத்ததெல்லாம் சரியா இருந்தும் கேம் ஓடாம போகலாம்.

அந்த 8 கேபில என்ன இருக்கும்னு நினைக்கிறீங்க? 8க்கு 8 புள்ளி அளவுல 512 குட்டி குட்டி படம், அத திருப்பி திருப்பி அடுக்கித்தான் மொத்த உலகத்தையும் கட்டியிருக்காங்க, மேகத்தையும் புதரையும் பக்கத்துல வச்சு பாருங்க, ஒரே படம், கலர்தான் வேற! எனக்கு இது தெரிஞ்ச அன்னைக்கு அந்த கேம் மேல இருந்த மரியாதை ரெண்டு மடங்காச்சு. மியூசிக்கும் ரெக்கார்ட் பண்ணது இல்ல, எந்த சுரத்த எவ்ளோ நேரம் வாசிக்கணும்ங்கிற குறிப்பு மட்டும்தான் இருக்கும், வாசிக்கிறது கன்சோல், அதாவது அந்த கேம் மெஷின். அதனாலதான் ரோம் மட்டும் இருந்தா பத்தாது, அந்த கன்சோலோட ப்ராசஸர், படம் காட்டுற சிப், சவுண்ட் எல்லாத்தோட வேலையையும் நேரம் பிசகாம செய்ய எமுலேட்டர் வேணும்.

கேள்வி: பிளேஸ்டேஷன் கேம் ஒண்ணுல பின் (.bin), க்யூ (.cue)ன்னு ரெண்டு ஃபைல் இருந்துச்சு. பேர மாத்தி வச்சேன், இப்ப ஓபனே ஆகல.

பதில்: க்யூ ஒரு சின்ன டெக்ஸ்ட் ஃபைல். சிடில எந்த ட்ராக் எந்த பின் ஃபைல்ல இருக்குன்னு பேரோட எழுதியிருக்கும். நோட்பேட்ல திறந்து புதுப் பேர அதுலயும் மாத்துங்க, ஓடும்.

கேள்வி: இதெல்லாம் சட்டப்படி சரியா?

பதில்: எமுலேட்டர் வேற, ரோம் வேற. கனெக்டிக்ஸ்ங்கிற கம்பெனி பிளேஸ்டேஷன் எமுலேட்டர் செஞ்சப்போ சோனி கேஸ் போட்டாங்க, 2000ல அமெரிக்க அப்பீல் கோர்ட் கனெக்டிக்ஸ் பக்கம்தான் தீர்ப்பு சொல்லுச்சு. ஆனா கேமோட காப்பிரைட் அத செஞ்சவங்களோடது, பழசாயிடுச்சுன்னு அது போயிடாது. இந்த பழைய மெஷினுக்கே இன்னைக்கும் புதுசா கேம் எழுதி இலவசமா குடுக்கிறவங்க இருக்காங்க, அதுல ஆரம்பிங்க.

கேள்வி: சேவ் ஸ்டேட் போட்டா போதுமா?

பதில்: போதாதுங்க. சேவ் ஸ்டேட் அந்த நொடில மெமரில இருந்தத அப்படியே உறைய வைக்கிறது, வேற எமுலேட்டர்ல பெரும்பாலும் திறக்காது, சில சமயம் அப்டேட் பண்ணாலே காலி. நான் ஒரு நீளமான கேம்ல பாதிய இப்படித்தான் தொலைச்சேன், இன்னும் மனசு ஆறல. கேமுக்குள்ளயே சேவ் இருந்தா அதையும் போடுங்க, அந்த சேவ் ஃபைல தனியா ஒரு காப்பி எடுத்து வச்சுக்கோங்க.