ஆராதனை ஒலி: வாசகர் கேள்விகள்

கேள்வி: ஸ்பீக்கரில் சத்தம் நன்றாகவே வருகிறது. ஆனாலும் பின்வரிசையில் பிரசங்கம் புரியவில்லை என்கிறார்கள். பெரிய ஸ்பீக்கர் வாங்கலாமா?

பதில்: வேண்டாம். உயரமான கூரை, டைல்ஸ் தரை, வெறும் சுவர் உள்ள ஆலயத்தில், பின்னால் இருப்பவருக்கு நேராக வரும் குரலைவிடச் சுவரில் பட்டுத் திரும்பும் குரலே அதிகம். வால்யூமை ஏற்றினால் இரண்டும் சேர்ந்தே ஏறும். முதலில் இதைப் பாருங்கள்: பாட்டுக்குப் போட்ட எக்கோ பிரசங்கத்தின்போதும் ஓடுகிறதா? பல சபைகளில் வியாதியே இதுதான். அணைத்துவிட்டு, போதகரின் மைக்கில் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள அடித்தொனியை மிக்ஸரில் வெட்டுங்கள். 250 முதல் 400 வரை சற்றுக் குறையுங்கள். குரலின் மந்தம் விலகும்.

அப்புறமும் போதவில்லையென்றால் ஆலயத்தின் பின்பாதிக்கு இரண்டு சின்ன ஸ்பீக்கர் வைத்து டிலே கொடுங்கள், அதாவது அவற்றில் ஒலி சற்றுத் தாமதித்து வரட்டும். ஒலி ஒரு மீட்டர் கடக்க ஏறக்குறைய 3 மில்லிசெகண்ட் ஆகும். முன் ஸ்பீக்கரிலிருந்து 15 மீட்டர் தள்ளியிருந்தால் 44 மில்லிசெகண்ட். டிலே இல்லாமல் வைத்தால் ஒரே வார்த்தை இரண்டு முறை கேட்கும், முன்பைவிட மோசம்.

கேள்வி: பாடகர் குழுவின் மைக்கைக் கொஞ்சம் ஏற்றினாலே ‘கொய்ங்’ என்கிறது.

பதில்: எத்தனை மைக் திறந்திருக்கிறது என்று எண்ணுங்கள். அந்த எண்ணிக்கை இரட்டிப்பானால், ஊளை வராமல் ஏற்றக்கூடிய அளவில் 3 டெசிபல் போய்விடும். பாடும்போது பிரசங்க பீடத்து மைக் எதற்கு? மூடுங்கள். மானிட்டர் (பாடுபவர்கள் தங்களைக் கேட்க மேடையில் வைக்கும் ஸ்பீக்கர்), மைக்கின் முதுகுப் பக்கம் இருக்கட்டும். மைக்கின் தலையைக் கையால் பொத்திப் பிடித்தால் அது எல்லாத் திசையையும் கேட்கத் தொடங்கிவிடும். ஸ்டைலுக்காக அப்படிப் பிடிக்கும் தம்பிகளிடம் பக்குவமாகச் சொல்லுங்கள், மறுவாரமும் பாட வர வேண்டுமே!

கேள்வி: ஆலயத்துக்குள் அருமையாகக் கேட்கிறது. யூடியூப் நேரலையில் குரல் மட்டும் தனியாக நிற்கிறது, டிரம்ஸ் காணோம்.

பதில்: டிரம்ஸ் தானாகவே ஆலயம் முழுக்கக் கேட்பதால் மிக்ஸரில் அதைக் குறைத்தே வைத்திருப்பீர்கள். அதே மிக்ஸை நேரலைக்கு அனுப்பினால் இப்படித்தான் ஆகும். மிக்ஸரின் ஆக்ஸ் (தனி வெளியீடு) வழியாகத் தனி மிக்ஸ் அனுப்புங்கள். சபையார் பாடுவதும் கேட்க, அவர்களை நோக்கி இரண்டு மைக் வையுங்கள். அவை உள் ஸ்பீக்கருக்குப் போகவே கூடாது. இந்த மிக்ஸைச் செய்பவர் வேறு அறையில், ஹெட்போனில் கேட்பது நல்லது.

கேள்வி: கீபோர்டு இணைத்ததும் ‘ம்ம்ம்’ என்ற இரைச்சல்.

பதில்: கீபோர்டுக்கும் மிக்ஸருக்கும் நடுவே டிஐ பாக்ஸ் (சிக்னலை மிக்ஸருக்கு ஏற்றபடி மாற்றும் சிறு பெட்டி) வைத்து, அதிலுள்ள கிரவுண்ட் லிஃப்ட் (ஆடியோ கேபிளின் கிரவுண்ட் இணைப்பைத் துண்டிக்கும்) பட்டனைத் தட்டிப் பாருங்கள். பிளக்கின் எர்த் பின்னை மட்டும் எக்காரணம் கொண்டும் கழற்றாதீர்கள், ஷாக் அடிக்கும்.