சாசர் பல்டி அடித்தாரா?

கேள்வி: 'ட்ராய்லஸ் அண்ட் கிரிசைடி'யில் எட்டாயிரம் வரிக்கு மேல் காதலைக் கொண்டாடுகிறார் பதினான்காம் நூற்றாண்டு ஆங்கிலக் கவிஞர் சாசர். நிலமும் கடலும் காதலின் ஆட்சியில் இருப்பதாக மூன்றாம் காண்டத்தில் ஒரு துதிப்பாடலே வருகிறது. கடைசியில் மட்டும், இளைஞர்களே, உலக மாயையை விட்டுக் கடவுளிடம் திரும்புங்கள் என்கிறார். திருச்சபைக்குப் பயந்து அடித்த பல்டிதானே இது?
– வாசகர், திருச்சி

பதில்: இல்லை. தத்துவம் கடைசிப் பக்கத்தில்தான் வருகிறது என்று நீங்களாக முடிவு கட்டிவிட்டீர்கள். அது முதல் காண்டத்திலேயே வந்துவிட்டது. பாத்திரங்களின் வாயில் வருவதால் உங்கள் கண்ணில் படவில்லை.

ட்ராய் நகர இளவரசன் ட்ராய்லஸ் கிரிசைடி என்ற பெண்ணைக் காதலித்து இழக்கும் கதை இத்தாலிய எழுத்தாளர் பொக்காச்சியோவுடையது, தத்துவம் ரோமானியத் தத்துவஞானி போயதியஸுடையது. மரண தண்டனையை எதிர்நோக்கியிருந்த போயதியஸ் 524 வாக்கில் எழுதிய 'தத்துவத்தின் ஆறுதல்', ஒரு கைதிக்கும் பெண் வடிவில் வரும் தத்துவத்துக்கும் நடக்கும் உரையாடல். உரைநடையும் பாடலும் மாறி மாறி வரும் ஐந்து பகுதிகள். 1380களில், இந்தக் காவியத்தை எழுதிய அதே காலத்தில், சாசர் அதை முழுவதுமாக ஆங்கில உரைநடையில் பெயர்த்தார். ஆக, அந்த நூல் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். பாத்திரங்களுக்கு மட்டும் அதைப் பிய்த்துப் பிய்த்துத்தான் கொடுக்கிறார். யார் கையில் எந்தத் துண்டு என்று பாருங்கள்.

முதல் காண்டம், 848ஆம் வரியை ஒட்டி: அதிர்ஷ்டதேவதையின் சக்கரம் சுழலாமல் நின்றால் அவள் அதிர்ஷ்டதேவதையே அல்ல என்று ட்ராய்லஸிடம் சொல்கிறான் பாண்டரஸ், அவன் நண்பன், கிரிசைடியின் உறவினன், காதலுக்குத் தூது போகிறவன். போயதியஸில் இதன் பொருள், அவளை நம்பாதே என்பது. பாண்டரஸ் சொல்வதோ, உன் துக்கமும் சுழன்று போகும், பெண் யாரென்று சொல், நான் முடித்துத் தருகிறேன் என்பது. மூன்றாம் காண்டம் 813இல் கிரிசைடியின் முறை. உலக இன்பம் பொய்யானது, கசப்பு கலந்தது என்று அவள் பேசுவது அத்தனையும் நியாயம். ஆனால் அவளைப் பேசவைத்தது, ட்ராய்லஸ் பொறாமையில் துடிக்கிறான் என்று பாண்டரஸ் கட்டிவிட்ட கதை. அதே இரவில் காதலர்கள் கூடிவிடுகிறார்கள்.

நீங்கள் சொல்லும் துதி 1744 முதல் 1771 வரை, 28 வரிகள். போயதியஸின் இரண்டாம் பகுதி எட்டாம் பாடலிலிருந்து வந்தது. மூலத்தில் பிரபஞ்சத்தைக் கட்டிவைக்கும் அன்பு, தூய திருமண பந்தத்தையும் கட்டுகிறது. சாசரின் உரைநடைப் பெயர்ப்பிலும் திருமணம் அப்படியே இருக்கிறது. ட்ராய்லஸின் வாயில் வரும்போது அது காணாமல் போய், தோழமையின் சட்டம் என்று ஏதோ பொதுவாக நிற்கிறது. ஊருக்குத் தெரியாமல், தாலியில்லாமல் நடக்கும் உறவை வைத்துக்கொண்டு அந்த வரியை அவன் எப்படிப் பாடுவான்? இந்த 28 வரிகளை மட்டும் கத்தரித்து 'சாசரின் காதல் தத்துவம்' என்று மேற்கோள் காட்டுகிறவர்கள் கோட்டை விடுவது இங்கேதான். பாடுகிறவன் ட்ராய்லஸ், அதுவும் ஆசை நிறைவேறிய மிதப்பில்.

நான்காம் காண்டம் இன்னும் கூர்மை. நகரை முற்றுகையிட்டிருக்கும் கிரேக்கர்களிடம் கிரிசைடியைக் கொடுத்து, அவர்களிடம் சிறைப்பட்ட ட்ராய் வீரன் ஆண்டனரை மீட்பதென்று ட்ராய் நகர மன்றம் முடிவு செய்துவிட்டது. ட்ராய்லஸ் கோயிலில் தனியே உட்கார்ந்து 953 முதல் 1078 வரை வாதாடுகிறான். எல்லாம் கடவுளுக்கு முன்கூட்டியே தெரியுமென்றால் நம் விருப்பத்துக்கு என்ன வேலை? எல்லாம் விதி. இது போயதியஸின் ஐந்தாம் பகுதியின் மூன்றாம் உரைநடையில் கைதி கேட்கும் கேள்வி, ஏறக்குறைய அப்படியே. அடுத்த மூன்று உரைநடைகளில் தத்துவம் பதில் சொல்கிறாள். கடவுளுக்கு முன்னும் பின்னும் கிடையாது, எல்லாக் காலமும் அவருக்கு நிகழ்காலம். ஒருவன் நடப்பதை நீங்கள் பார்ப்பதால் அவன் நடந்தே தீர வேண்டும் என்ற கட்டாயம் வந்துவிடுவதில்லை. அதுபோலவே கடவுளின் பார்வையும்.

அந்தப் பதில் ட்ராய்லஸுக்கு வருவதேயில்லை. பாண்டரஸ் உள்ளே நுழைகிறான், புத்தியுள்ளவன் இப்படியா செய்வான் என்று கடிகிறான், பேச்சு அறுந்துபோகிறது. பதிலைத் தன் கையாலேயே ஆங்கிலத்தில் எழுதிய சாசருக்கு இது மறதியா? பதில் கிடைத்திருந்தால் ட்ராய்லஸ் எழுந்து ஏதாவது செய்தாக வேண்டியிருக்கும். அவளோடு ஓடிப்போவதா, மன்றத்தை எதிர்ப்பதா என்று அவனே முடிவெடுக்க வேண்டும். விதி என்று சொல்லிவிட்டால் அழுதால் போதும். (சில கையெழுத்துப் பிரதிகளில் இந்தப் பகுதி இல்லை. சாசர் பிற்பாடு சேர்த்ததா என்ற சர்ச்சை தனி.)

இப்போது முடிவுக்கு வாருங்கள். செத்த பிறகு ட்ராய்லஸ், பூமியைச் சுற்றி அடுக்கடுக்காக இருப்பதாக அக்காலத்தில் நம்பிய வானக் கோளங்களில் எட்டாவதற்கு ஏறி, தனக்காக அழுகிறவர்களைப் பார்த்துச் சிரிக்கிறான், நிலைக்காத குருட்டு ஆசையைக் கண்டிக்கிறான். கைதியிடம் தத்துவம் வற்புறுத்திய அந்த உயரத்துப் பார்வை அவனுக்கு இப்போதுதான் வாய்க்கிறது. நீங்கள் பல்டி என்று சொன்ன உபதேசம் இதன் தொடர்ச்சிதான். சந்தேகமிருந்தால் போயதியஸின் ஐந்தாம் பகுதியின் கடைசி நான்கு உரைநடைகளை முதலில் படித்துவிட்டு நான்காம் காண்டத்தின் 953ஆம் வரிக்குப் போங்கள். காவியத்தை மட்டும் படித்தால் அவன் வாதம் முழுமையானதாகவே தோன்றும்.