போகிமான் ரம்பிள் பிளாஸ்ட்: வளர்ப்பவருக்கு வேண்டாம், சேகரிப்பவருக்கு வேண்டும்

போகிமான் எனப்படும் கற்பனை உயிரினங்களைப் பிடித்து, வளர்த்து, மோதவிடும் வழக்கமான போகிமான் விளையாட்டுகளை விரும்பி ஆடியவருக்கு, நிண்டெண்டோ 3டிஎஸ் கையடக்கக் கருவிக்கு வந்த ‘போகிமான் ரம்பிள் பிளாஸ்ட்’ பிடிக்குமா, அதை இன்று தேடி வாங்குவது தகுமா என்பது கேள்வி. என் பதில் இதுதான்: போகிமானைச் சேகரிப்பதில் ஆசை உள்ளவர் தயங்காமல் வாங்கலாம்; ஒரே போகிமானைக் கண்ணும் கருத்துமாக வளர்த்து ஆளாக்குவதில் ஆசை உள்ளவர் ஒதுங்கிக்கொள்வது நல்லது.

ஆம்ப்ரெல்லா என்ற ஜப்பானிய நிறுவனம் 2009ஆம் ஆண்டில் நிண்டெண்டோவின் வீ என்ற வீட்டு விளையாட்டுக் கருவிக்காக, இணையத்தில் தரவிறக்கிக்கொள்ளும் சிறு விளையாட்டாக ‘போகிமான் ரம்பிள்’ என்பதை உருவாக்கியது. அதன் அடுத்த படியாக 2011 ஆகஸ்டில் ஜப்பானிலும், அக்டோபரில் வட அமெரிக்காவிலும், டிசம்பரில் ஐரோப்பாவிலும் ரம்பிள் பிளாஸ்ட் வெளியானது. ஐரோப்பியப் பதிப்பின் அட்டையில் ‘சூப்பர் போகிமான் ரம்பிள்’ என்று இருக்கும், இரண்டும் ஒன்றுதான். முதல் விளையாட்டில் முதலாம், நான்காம் தலைமுறைப் போகிமான்கள், அதாவது முதன்மைத் தொடரின் அந்தந்தக் கட்டங்களில் அறிமுகமானவை, மட்டுமே இருந்தன. ரம்பிள் பிளாஸ்டிலோ அன்றைக்கு அறிவிக்கப்பட்டிருந்த 646 போகிமான்களும் இடம்பெற்றன. சேகரிப்பவருக்கு என்று நான் சொல்வதற்கு முதல் காரணம் இந்த எண்ணிக்கையே.

இங்கே வருபவை உயிருள்ள போகிமான்கள் அல்ல, சாவி கொடுத்தால் ஓடும் பொம்மைகள். பயிற்சியாளர் என்று எவரும் கிடையாது; நீங்களே ஒரு பொம்மையாகக் களத்தில் இறங்குகிறீர்கள். குறுகலான பாதையில் எதிரிப் பொம்மைகள் கூட்டமாக வந்து மொய்த்துக்கொள்ள, ‘ஏ’ பொத்தானில் ஒரு தாக்குதல், ‘பி’ பொத்தானில் இன்னொரு தாக்குதல் என்று மாறி மாறி அடித்துக்கொண்டே முன்னேற வேண்டும். முதன்மைத் தொடரில் நான்கு தாக்குதல்களை வைத்துக்கொண்டு, முறை வரும்வரை காத்திருந்து யோசித்து ஆடிய கைகளுக்கு இது முதலில் வெறும் பொத்தான் குத்தலாகத் தெரியும். ஆனால் நீர் வகை நெருப்பு வகையை வெல்லும், மின்சாரம் நீரைத் தாக்கும் என்ற பழைய கணக்கு இங்கும் செல்லுபடியாகிறது. எதிரே வருவது என்னவென்று பார்த்துப் பொம்மையை மாற்றிக்கொள்பவர் வேகமாகக் கடந்துவிடுவார். தாக்குதலின் எல்லையைக் கவனிப்பதும் முக்கியம். வலிமையான தாக்குதலாக இருந்தாலும் அது எதிரே நிற்கும் ஒன்றை மட்டும் தொடுமானால், சூழ்ந்து நிற்கும் கூட்டத்துக்கு நடுவே அதனால் பெரிய பயன் இருக்காது.

வீழ்ந்த எதிரிகளில் எல்லாமே உங்களுக்குக் கிடைத்துவிடுவதில்லை. அடிபட்டவுடன் நாணயங்கள் தெறிக்கும். சில வேளைகளில் மட்டும் அந்தப் பொம்மை அசைவற்றுத் தரையில் கிடக்கும், அருகே சென்று தொட்டால் அது உங்களுடையதாகிவிடும். முதன்மைத் தொடரில் போகிமானைப் பிடிக்கப் பந்தை எறிந்து, அது ஆடி நிற்கும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கும் பதற்றம் இங்கே இல்லை. பாதையின் முடிவில் உருவத்தில் பெரிதான தலைவன் ஒன்று நிற்கும். அது சாய்ந்து பொம்மையாகக் கிடைக்கும்போது வரும் மகிழ்ச்சிதான் அதே பாதையில் மறுபடியும் ஓட வைக்கிறது.

மனக்கசப்பு தொடங்குவது இதற்குப் பிறகு. ஒவ்வொரு பொம்மைக்கும் ஆற்றலைக் குறிக்கும் ஓர் எண் உண்டு, கிடைத்த நாளில் இருந்த அந்த எண் கடைசிவரை மாறுவதில்லை. அனுபவப் புள்ளிகள் இல்லை. வேறொரு வலிய போகிமானாக உருமாறும் பரிணாம வளர்ச்சியும் இல்லை. நாணயங்களைச் செலவழித்துப் புதிய தாக்குதலைக் கற்றுக்கொடுக்கலாம், அவ்வளவுதான். அடுத்த பகுதிக்குப் போனதும் அங்கே கிடைக்கும் ஒரு சாதாரண ரட்டாட்டாகூட, நீங்கள் ஆசையாய் வைத்திருந்த பிக்காச்சுவை விடப் பெரிய எண்ணோடு நிற்கலாம். பிக்காச்சுதான் வேண்டும் என்றால் கூடுதல் ஆற்றலுள்ள இன்னொரு பிக்காச்சுவைத் தேடிப் பிடிக்க வேண்டுமே தவிர, கையில் இருப்பதை உயர்த்த வழியில்லை. விமர்சகர்கள் பலர் இந்த விளையாட்டைத் திரும்பத் திரும்ப ஒன்றையே செய்ய வைப்பது என்று குறைகூறினார்கள். அதை நான் மறுக்கவில்லை, ஆனால் என்னைப் பொறுத்தவரை அதைவிடப் பெரிய குறை இந்தப் பற்றின்மைதான். பொம்மைகளைப் பற்றிய ஒரு விளையாட்டில், எந்தப் பொம்மையையும் நெடுநாள் வைத்துக்கொள்ள முடியாது என்பது கொஞ்சம் விந்தையாகத்தான் இருக்கிறது.

கதை பெரிதாக ஒன்றுமில்லை. பொம்மைகளுக்கு உயிரூட்டும் ஒளித்துளிகள் களவு போகின்றன, அவற்றைத் தேடி ஊர் ஊராகச் செல்ல வேண்டும். ஊர்தோறும் நடக்கும் ‘பேட்டில் ராயல்’ என்ற மோதல்தான் உண்மையான விருந்து: குறித்த நேரத்துக்குள் அரங்கம் நிறைந்த எதிரிகளையெல்லாம் வீழ்த்த வேண்டும் என்பதால், அதுவரை சேர்த்த சேகரிப்பின் பலம் அங்கேதான் தெரியவரும்.

வாங்குவதானால், நிண்டெண்டோவின் 3டிஎஸ் இணையக் கடை 2023 மார்ச்சில் விற்பனையை நிறுத்திவிட்டதால், கையிருப்பாகவோ பழையதாகவோ விற்கும் கார்ட்ரிட்ஜைத்தான் (கருவியில் செருகும் விளையாட்டு அட்டை) தேட வேண்டும். 3டிஎஸ் கருவிகளுக்கு வட்டாரப் பூட்டு உண்டு; அமெரிக்கக் கருவியில் ஐரோப்பியக் கார்ட்ரிட்ஜ் ஓடாது. அட்டையில் ‘பிளாஸ்ட்’ என்று இருக்கிறதா, ‘சூப்பர்’ என்று இருக்கிறதா என்பதைப் பார்த்து, உங்கள் கருவியின் வட்டாரத்தோடு பொருந்துகிறதா என உறுதிசெய்துகொண்ட பிறகு பணத்தைக் கொடுங்கள். 2024 ஏப்ரலில் 3டிஎஸ் கருவியின் இணையவழி ஆட்டச் சேவைகள் மூடப்பட்டாலும், தனியாக ஆடும் கதைப்பகுதிக்கு அதனால் எந்தத் தடையும் இல்லை. இதே வரிசையில் 2019இல் செல்பேசிக்கு வந்த ‘ரம்பிள் ரஷ்’ அடுத்த ஆண்டே சேவையை முடித்துக்கொண்டது; அதில் சேர்த்தவர்களிடம் இன்று ஒரு பொம்மைகூட இல்லை.