தொப்பி வாங்காத குரங்குகள்

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: நகரத்தில் ஒரு மண்டபத்தில் நடந்த நெட்வேர்க் மார்க்கெட்டிங் (ஒருவருக்குக் கீழ் ஒருவராக ஆள் சேர்த்து நடத்தும் விற்பனை) கூட்டத்துக்கு என் தம்பி என்னையும் அழைத்துச் சென்றான். மேடையில் பேசியவர் தொப்பி வியாபாரியும் குரங்குகளும் என்ற கதையைச் சொல்லி, "நீங்கள் செய்வதையே உங்களுக்குக் கீழே இருப்பவர்களும் செய்வார்கள், தொழில் இரகசியம் இவ்வளவுதான்" என்றார். மண்டபமே கைதட்டியது. சிறுவர் கதைகளிலிருந்து வியாபாரம் கற்க முடியுமா, ஐயா?
– வாசகர் ஒருவர், உப்புவெளி

பதில்: கற்க முடியும், கதையை முழுமையாகச் சொன்னால். மூட்டையுடன் வந்த வியாபாரி மரத்தடியில் கண்ணயர்ந்தார். குரங்குகள் தொப்பிகளை எடுத்துக்கொண்டு மரமேறின. அவர் தம் தலையிலிருந்ததைக் கழற்றி எறிந்ததும் அவையும் எறிந்தன. அன்று மாலை அவர் வீட்டுக்குப் போய்க் கணக்குக் கொப்பியைத் திறந்திருந்தால் வரவுப் பக்கத்தில் எதை எழுதியிருப்பார்? போன சரக்கு திரும்பி வந்ததைத் தவிர அன்றைக்கு வேறொன்றும் நடக்கவில்லை. ஒரு குரங்குகூடக் காசு கொடுத்துத் தொப்பி வாங்கவில்லை. தம் முன்னால் அமர்ந்திருந்தவர்களைப் பேச்சாளர் எந்தப் பாத்திரத்தில் வைத்தார் என்பதையும் கைதட்டியவர்கள் கவனித்திருக்கலாம்.

பார்த்துக் கற்பதற்கு வியாபாரத்தில் பெரிய இடம் உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. நமது கடைத்தெருவில் புடவைக் கடைக்குப் புதிதாக வேலைக்குச் சேரும் பையன், மூத்த விற்பனையாளர் முந்தானையை முதலில் விரிப்பதையும், குழல்விளக்கில் நிறம் மாறித் தெரியும் என்பதால் புடவையை வாசலோரப் பகல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்க் காட்டுவதையும், விலையைத் தாமாகச் சொல்லாமல் கேட்கும்வரை காத்திருப்பதையும் பார்த்தே தொழில் பழகுகிறான். ஆனால் அங்கே பணம் வருவது அந்தப் புடவையைக் கட்டப்போகும் பெண்ணிடமிருந்து. உங்கள் தம்பியின் கூட்டத்தில் பணம் யாரிடமிருந்து வந்தது என்று அவனையே கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: நான் சவர்க்காரம், தலைக்கு வைக்கும் எண்ணெய் போன்றவற்றை அயல் வீடுகளுக்குக் கொண்டுபோய் விற்கிறேன். "வாடிக்கையாளரைப் புகழ்ந்து பேசுங்கள், காகத்திடம் நரி பேசியதுபோலப் பேசினால் வடை தானாக விழும்" என்று எனக்குப் பயிற்சி தந்தவர் சொன்னார். எனக்கு அது கூச்சமாக இருக்கிறது.
– வாசகி ஒருவர், மூதூர்

பதில்: உங்கள் கூச்சம் நல்ல கூச்சம், தங்கையே. நரிக்கு அந்த வழியில் ஒரு வடைதான் கிடைத்தது. பிள்ளைகள் சொல்லும் இன்னொரு வடிவத்தில் அடுத்த முறை காகம் வடையைக் காலின் கீழ் வைத்துக்கொண்டு பாடுகிறது. காட்டில் நரி வேறு காகத்தைத் தேடிக்கொள்ளலாம். மூதூரில் நீங்கள் நாளைக்கும் அதே ஒழுங்கையால்தான் போகவேண்டும். அந்தக் கதையில் உழைத்தவர் வடை சுட்ட ஆச்சி ஒருவரே என்பதும், அவருக்கு ஒரு சதமும் வரவில்லை என்பதும் பயிற்சிக்காரர்களின் கண்ணில் படுவதில்லை.

உங்களுக்குப் பொருந்துவது புத்த ஜாதகக் கதைகளில் மூன்றாவதாக வரும் கதை. நொடிந்துபோன குடும்பத்தைச் சேர்ந்த ஒரு கிழவியும் பேத்தியும், அழுக்கேறிய பழைய தட்டு ஒன்றைத் தெரு வியாபாரியிடம் காட்டிச் சிறு நகை ஒன்று கேட்கிறார்கள். அவன் ஊசியால் கீறிப் பார்த்து அது பொன் என்று அறிந்தும், அரைக்காசும் பெறாது என்று சொல்லி வீசிவிட்டுப் போகிறான். பிறகு வந்து சும்மாவே வாங்கிக்கொள்ளலாம் என்பது அவன் எண்ணம். அதற்குள் இன்னொரு வியாபாரி அதே தெருவுக்கு வருகிறான். "இது பொன் தட்டு, இதற்கு ஈடுகொடுக்க என்னிடம் பணம் போதாது" என்று அவன் உண்மையைச் சொல்ல, அவர்களே மனமுவந்து அவனிடம் இருப்பதைப் பெற்றுக்கொண்டு தட்டைக் கொடுத்துவிடுகிறார்கள். எண்ணெய் முடியை நீளமாக வளர்க்கும் என்று உங்களுக்கு உறுதியாகத் தெரியாவிட்டால் அதைச் சொல்லாதீர்கள். வாசனை நன்றாயிருக்கிறது, ஒரு போத்தல் இத்தனை வாரம் வருகிறது என்று தெரிந்ததைச் சொன்னால் போதும்.

கேள்வி: நான் உயர்தரத்தில் கணிதம் படிக்கிறேன். ஐந்து பேரைச் சேர்த்தால் போதும், அவர்கள் ஆளுக்கு ஐந்து பேரைச் சேர்ப்பார்கள், பிறகு வருமானம் தானாக வரும் என்று உறவினர் ஒருவர் எங்கள் வீட்டில் விளக்கினார். தாளில் போட்டுப் பார்த்தால் சரியாகத்தான் வருகிறது. பிழை எங்கே இருக்கிறது?
– மாணவர் ஒருவர், தம்பலகாமம்

பதில்: பெருக்கலில் பிழை இல்லை. பெருக்கலை எட்டாவது அடுக்குவரை கொண்டுபோகாமல் மூன்றாவது அடுக்கிலேயே நிறுத்திவிடுவதில்தான் சூட்சுமம் இருக்கிறது. சதுரங்கப் பலகைக் கதையை நீங்கள் சிறு வகுப்பில் கேட்டிருப்பீர்கள்: முதற் கட்டத்துக்கு ஒரு தானியமணி, அடுத்ததற்கு இரண்டு, அதற்கடுத்ததற்கு நான்கு என்று புலவன் கேட்க, அரசன் சிரித்துக்கொண்டே சம்மதிக்கிறான். முதல் வரிசையின் எட்டுக் கட்டங்களுக்கும் சேர்த்து 255 மணிகளே ஆகின்றன. அவை ஓர் உள்ளங்கையில் அடங்கிவிடும். பாதிப் பலகையில் 400 கோடியைத் தாண்டிவிடுகிறது. அது சுமார் 100 தொன் நெல், தம்பலகாமத்து வயல்களைப் பார்த்து வளர்ந்த உங்களுக்கு அது எவ்வளவு என்று நான் சொல்லத் தேவையில்லை. அரசன் என்றால் அதையும் கொடுத்துவிடலாம். 64ஆம் கட்டம் முடியும்போது வருவது 18,446,744,073,709,551,615 என்ற 20 இலக்க எண். எந்தக் களஞ்சியத்திலும் இல்லாத நெல் அது.

இனி உங்கள் உறவினரின் ஐந்தை எடுங்கள். 5, 25, 125, 625, 3,125, 15,625, 78,125 என்று போய் எட்டாவது அடுக்கில் 390,625 பேர் தேவைப்படுகிறார்கள். 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி திருகோணமலை மாவட்டத்தின் மொத்த சனத்தொகை, தொட்டிற் குழந்தைகளையும் சேர்த்து, சுமார் 380,000. ஒரே ஒருவரிடமிருந்து தொடங்கிய சங்கிலியின் எட்டாவது அடுக்குக்கே ஒரு மாவட்டம் போதவில்லை. நம் ஊரிலோ ஒரே நேரத்தில் பல சங்கிலிகள் ஓடுகின்றன.

இதைவிட முக்கியமான கணக்கு ஒன்று உண்டு. எந்த அடுக்கில் சங்கிலி நின்றாலும், சேர்ந்தவர்களில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கினர் கடைசி அடுக்கில்தான் இருப்பார்கள். அவர்களுக்குக் கீழே யாரும் இல்லை. "எல்லோரும் ஐந்து பேரைச் சேர்ப்பதில்லையே, ஆகவே அவ்வளவு வேகமாக நிரம்பாது" என்று உறவினர் சொன்னால், சேர்க்க முடியாதவர்கள் போட்ட பணம் என்னவாகிறது என்று பணிவாகக் கேளுங்கள். ஒப்புநோக்க நம் வீடுகளில் பிடிக்கும் சீட்டைப் பாருங்கள்: பத்துப் பேர் சேர்ந்தால் கடைசி வரை பத்துப் பேர்தான், பத்தாவது ஆளுக்கும் முறை வரும்.

கேள்வி: அப்படியானால் விற்பனைத் தொழிலுக்கு உண்மையிலேயே உதவும் சிறுவர் கதை ஒன்றைச் சொல்லுங்கள். என் மகன் கடை வைக்க ஆசைப்படுகிறான்.
– தாய் ஒருவர், கிண்ணியா

பதில்: செத்த எலியை முதலாக வைத்துப் பணக்காரனான இளைஞனின் கதையைச் சொல்வேன். ஜாதகக் கதைகளில் அது நான்காவது. சற்று மாறிய வடிவில் கதாசரித்சாகரம் என்ற பழைய வடமொழிக் கதைத் தொகுதியிலும் வருகிறது. தெருவில் கிடந்த எலியை அவன் ஒரு கடையில் பூனைக்கு உணவாகச் சிறு காசுக்கு விற்கிறான். அந்தக் காசுக்கு வெல்லப்பாகு வாங்கி, காட்டிலிருந்து களைத்து வரும் பூப்பறிப்பவர்களுக்கு அதையும் தண்ணீரையும் கொடுக்கிறான். அவர்கள் ஆளுக்கொரு பிடி பூக் கொடுக்கிறார்கள். ஒருநாள் புயலில் அரச தோட்டத்தில் கிளைகள் முறிந்து விழுகின்றன. காவலன் கையைப் பிசைந்து நிற்க, விறகு எனக்கென்றால் நானே துப்புரவு செய்து தருகிறேன் என்கிறான். விளையாடிக்கொண்டிருந்த சிறுவர்களுக்குப் பாகு கொடுத்துக் கிளைகளைக் குவிக்கிறான். சூளைக்கு விறகு தேடி வந்த அரச குயவன் அவ்வளவையும் வாங்கிக்கொள்கிறான். இப்படியே கப்பற் சரக்கு வரை போகிறான்.

ஒவ்வொரு படியிலும் பூனைக்குப் பசி, பறிப்பவனுக்குத் தாகம், காவலனுக்குக் குப்பைத் தொல்லை, குயவனுக்கு விறகு என்று யாருக்கோ ஒரு தேவை இருந்தது. அதைத் தீர்த்ததற்கே கூலி கிடைத்தது. தனக்குக் கீழே ஆள் சேர்த்து அவன் ஒரு காசும் பெறவில்லை. மகனிடம் கதையைச் சொல்லிவிட்டு, உங்கள் தெருவில் இன்றைக்கு யாருக்கு என்ன குறை இருக்கிறது என்று பார்த்து வரச் சொல்லுங்கள். தயிர்ச் சட்டிகளை நகரத்துக்கு உடையாமல் கொண்டுபோக வழி தேடும் ஒருவராவது கிண்ணியாவில் இருப்பார்.

ஓர் இடத்தில் மட்டும் எனக்கு அந்த இளைஞனுடன் உடன்பாடில்லை. குதிரை வியாபாரி வரும் நாளில் புல் வெட்டுபவர்களிடம் ஆளுக்கொரு கட்டு வாங்கிக்கொண்டு, தன் புல் விற்று முடியும்வரை உங்கள் புல்லை விற்காதீர்கள் என்று அவர்களைத் தடுத்துவிடுகிறான். அந்தப் பகுதியைச் சொல்லும்போது, இது நியாயமா என்று மகனையே கேளுங்கள்.

கேள்வி: நான் ஏற்கெனவே ஒரு திட்டத்தில் பணம் கட்டிவிட்டேன். அது சட்டவிரோதமானதா என்று எப்படி அறிவது?
– வாசகர் ஒருவர், நிலாவெளி

பதில்: பொருளை வீடு வீடாக விற்பது இலங்கையில் குற்றமல்ல. 1988ஆம் ஆண்டின் 30ஆம் இலக்க வங்கித்தொழில் சட்டம், பின்னர் செய்யப்பட்ட திருத்தங்களின்படி, பிரமிட் திட்டங்களைத் தடைசெய்கிறது: பணமோ பணப் பெறுமதியோ கொடுத்துச் சேர்ந்து, கிடைக்கும் பயன் பெரும்பாலும் ஆட்களின் அல்லது அவர்கள் கட்டும் தொகையின் பெருக்கத்தில் தங்கியிருந்தால் அது அந்த வகையில் அடங்கும். நடத்துவது மட்டுமன்றி விளம்பரப்படுத்துவதும் ஊக்குவிப்பதும் குற்றமாகும். ஆகவே போட்ட பணத்தை மீட்பதற்காக மைத்துனரையோ நண்பரையோ சேர்த்துவிடாதீர்கள். பற்றுச்சீட்டுகள், வங்கி வைப்புத் துண்டுகள், தொலைபேசியில் வந்த செய்திகள் ஆகியவற்றை அழிக்காமல் வைத்துக்கொண்டு பொலிஸில் முறையிடுங்கள். தடைசெய்யப்பட்ட திட்டங்களை நடத்தியதாகத் தீர்மானிக்கப்பட்ட நிறுவனங்களின் பெயர்களை இலங்கை மத்திய வங்கி வெளியிடுகிறது. அதன் பிரதேச அலுவலகமொன்று திருகோணமலையிலேயே இருப்பதால், விசாரிப்பதற்கு நீங்கள் கொழும்புக்குப் போகவேண்டியதில்லை.